சோசினுக்கு ஒரு கோப்பை

ஒரு படையின் வீரத்தை அறிய விரும்புவோர் அதன் போர்க்களங்களுக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே சேறும் சத்தமும்தான் இருக்கும். அதன் ஆண்டு விருந்துக்கு வர வேண்டும். கருப்புக் கோட்டும் வில் கழுத்துப்பட்டியும் அணிந்த நாற்பது பெரிய மனிதர்கள், என்ன நேர்ந்தாலும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பார்கள். மனித இனம் இதற்கு மேல் எதையும் சாதிக்கப் போவதில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

வட கரோலினாக் கடற்கரையில், மரீன் என்னும் அமெரிக்கக் கடற்போர்ப் படையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர் வீரர்களின் சங்கத்துக்கு நான் விருந்துத் துணைத் தலைவர். படையில் இருந்தபோது இசைக்குழுவில் பெரிய முரசு அடித்தவன். ஆகவே பயங்கரமான ஓசைகள் எனக்குப் புதிதல்ல. தலைவர் கர்னல் வெண்டல் ஹாக்ரிட்ஜ். பணிக்காலம் முழுவதும் படைக்குப் போர்வை வாங்கிக் கொடுத்தவர். அவர் காலத்தில் ஒரு போர்வைகூட எதிரியிடம் சிக்கியதில்லை.

விருந்தின் சட்டம் எளிமையானது. தலைவர் அனுமதிக்காமல் யாரும் எழக் கூடாது, அறையை விட்டுப் போகக் கூடாது. அனுமதியை என் வழியாக, உரிய சொற்களில் கேட்க வேண்டும். தவறினால் தண்டனை.

தண்டனை மூலையில், சிவப்புக் கம்பளத்தின் மேல் வீற்றிருக்கும். அது ஒரு புத்தம் புதிய பீங்கான் கழிப்பறைத் தொட்டி. ஒவ்வோர் ஆண்டும் கடையிலிருந்து நேராக வரும். அதில் ரம், ஆறிப்போன காபி, மிளகாய்ச் சாறு, ஊறுகாய்த் தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து வைப்போம். குற்றவாளி அதன் முன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, ஒரு கோப்பை மொண்டு குடித்து, காலிக் கோப்பையைத் தன் தலைமேல் கவிழ்த்துக் காட்டி, மறுபடி சல்யூட் அடித்துத் திரும்ப வேண்டும். இதைப் பார்த்துச் சிரித்த விருந்தாளி ஒருவரை நாங்கள் மீண்டும் அழைக்கவே இல்லை.

முன்பெல்லாம் படை கண்ட ஒவ்வொரு போரின் நினைவாகவும் ஒரு கோப்பை ஒயின் குடிப்பது வழக்கம். இந்த ஆண்டு கர்னல் ஒரு 'சீர்திருத்தம்' கொண்டுவந்தார். போருக்கு ஒன்று என்றால் அதற்குள் நடந்த சண்டைகளுக்கு என்ன மரியாதை? உடனே பட்டியல் துணைக்குழு அமைக்கப்பட்டது. அது குளிர்காலம் முழுவதும் கூடியது. 1814-இல் பிரிட்டிஷ்காரர்களோடு நடந்த பிளேடன்ஸ்பர்க் சண்டையில் மட்டும் சிறு கருத்து வேறுபாடு எழுந்தது.

"அதுல நாம தோத்துட்டோமே கர்னல்?" என்றார் பொருளாளர் மில்ட்டன் ஃபூட்.

"தோத்தது மத்தவங்க. நாம கடைசியாத்தான் ஓடினோம்."

"கடைசியா ஓடினா ஜெயிச்சதா ஆயிடுமா?"

"குடிக்கற அளவுக்கு ஜெயிச்ச மாதிரிதான்யா. எழுதிக்கோ."

பட்டியல் இரண்டு பக்கத்துக்கு வந்தது. எங்களுக்கே பெருமையாக இருந்தது.

சிறப்பு விருந்தினர் டெல்பர்ட் ஸ்டக்கி. வயது எண்பத்தைந்து. கொரியாவில், சோசின் ஏரிப் பக்கம் கார்ப்பரலாகச் சண்டையிட்டவர். அங்கே உறைபனியில் கால் விரல்கள் சிலவற்றை விட்டுவிட்டு வந்தவர். அவர் மகள் மார்லீன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவுக்கு இதய டாக்டர் நீர் மாத்திரை குடுத்திருக்காரு. இப்பத்தான் போட்டாரு. அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும். கொஞ்சம் பார்த்துக்குங்க."

"அம்மா, மரீன்கள் யாரையும் கைவிட்டதே இல்லை" என்றேன். அவர் நம்பிப் போனார்.

மாட்டிறைச்சித் தட்டு முரசு முழங்க மேஜையைச் சுற்றி ஊர்வலம் வந்தது. கர்னல் ஒரு துண்டைச் சுவைத்து, கண்களை மூடி, அது மனிதர் உண்ணத் தகுந்ததே என்று அறிவித்தார். சாப்பிட்டோம். பிறகு சண்டைகள் தொடங்கின.

திரிப்போலிச் சண்டைக்குக் குடித்து முடித்ததுமே என் பக்கத்தில் இருந்த டெல்பர்ட் குனிந்தார்.

"தம்பி, கக்கூஸ் எந்தப் பக்கம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் என்னை உரிய பதவிப் பெயர் சொல்லி விளிக்கவில்லை. கர்னலின் காது கூர்மையானது. சுத்தியல் மேஜையில் விழுந்தது.

"முறையற்ற விண்ணப்பம்! ஒரு கோப்பை!"

டெல்பர்ட் நொண்டியபடி மூலைக்குப் போனார். சல்யூட் அடித்தார். குடித்தார். கவிழ்த்தார். மறுபடி சல்யூட். வெளியே போகக் கேட்டவருக்கு உள்ளே இன்னொரு கோப்பை போனது. சட்டத்தில் இருக்கும் இந்த அழகை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

பிளேடன்ஸ்பர்க் போனது. மெக்சிகோவின் சாபுல்டெபெக் கோட்டை வந்தபோது அவர் விண்ணப்பத்தைச் சரியாகச் சொன்னார். நானே அவர் காதில் சொல்லிக் கொடுத்திருந்தேன். கர்னல் பரிவோடு கேட்டுவிட்டு மறுத்தார்.

"கார்ப்பரல், அந்தக் கோட்டைச் சுவருல ஏணி வச்சு ஏறினவங்க, 'ஒரு நிமிஷம் இருங்க, இதோ வந்துடறேன்'னு கீழ இறங்கினாங்களா?"

"அவங்களுக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது கர்னல். எனக்கு என்ன ஆகும்னு தெரியும்."

"எதிர்வாதம்! இன்னொரு கோப்பை!"

பெல்லோ காட்டுச் சண்டையில் டெல்பர்ட் கால்மேல் கால் போட்டார். குவாடல்கனாலில் அதை மாற்றிப் போட்டார். தராவாவில் மேஜை விரிப்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். இவோ ஜிமா மலையுச்சியில் கொடி ஏறியதைக் கர்னல் வருணித்தபோது கிழவரின் கண்களிலிருந்து நீர் கொட்டியது. கர்னல் நெகிழ்ந்துபோனார்.

"பார்த்துக்குங்க எல்லாரும். இதுதான் நாட்டுப்பற்று."

"துணைத் தலைவரே" என்று டெல்பர்ட் என்னிடம் முனகினார், "விரிப்பு நனைஞ்சா நான் பொறுப்பில்லை."

"இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி" என்று ஊக்கமளித்தேன்.

அடுத்தது சோசின். இந்த இடத்தில் ஒரு 'சிறப்பு நிகழ்ச்சி' ஏற்பாடாகியிருந்தது. விளக்குகளைக் குறைத்தோம். உணர்ச்சிக்காகக் குளிர்சாதனத்தைக் கூட்டினோம். அது அவருக்கு உதவவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

"கார்ப்பரல் ஸ்டக்கி" என்றார் கர்னல். "அங்க நின்னவங்கள்ல இந்த ஹால்ல இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நாலு வார்த்தை சொல்லுங்க."

டெல்பர்ட் மேஜையைப் பிடித்து எழுந்தார்.

"குளிரு" என்றார்.

கைதட்டினோம்.

"மலைமேல எல்லாப் பக்கமும் சீனாக்காரங்க. சோறு உறைஞ்சுபோச்சு, மருந்து உறைஞ்சுபோச்சு, ஆளுங்களும் உறைஞ்சுபோனாங்க. அப்புறம் அங்கேருந்து வெளிய வந்தோம். அந்தச் சண்டையிலயே நல்ல பகுதி அதுதான். இப்ப நானும் வெளிய போகணும்."

கர்னலின் முகம் சிவந்தது.

"ஒரு திருத்தம். வெளிய வரல. மரீன் பின்வாங்கினதாச் சரித்திரமே கிடையாது. அது வேற திசையில நடந்த தாக்குதல்."

"அப்படியா?"

"அப்படித்தான். எல்லாம் புத்தகத்துல இருக்கு."

"நான் அங்க இருந்தேனே தம்பி."

"இருந்திருக்கலாம். ஆனா படிக்கலியே?"

டெல்பர்ட் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"சரி" என்றார். "அப்ப நானும் வேற திசையில தாக்கறேன்."

கதவு இடப்பக்கம் இருந்தது. அவர் வலப்பக்கம் திரும்பினார். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நொண்டி நொண்டி மூலைக்குப் போனார். சிவப்புக் கம்பளத்தின் மேல் விறைப்பாக நின்று பீங்கான் தொட்டிக்கு முறைப்படி சல்யூட் அடித்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கால்சட்டையின் முன்பக்கத்தைத் திறந்தார்.

"துணைத் தலைவரே!" என்று மில்ட்டன் அலறினார். "தடுங்க! சட்டம் என்ன சொல்லுது?"

நான் சட்டத்தை மனத்துக்குள் புரட்டினேன்.

"அறையை விட்டு வெளிய போனாரா?"

"போகல."

"சல்யூட் அடிச்சாரா?"

"அடிச்சாரு."

"அப்புறம் என்ன? நடவடிக்கை எடுக்க வழியே இல்லை."

டெல்பர்ட் திரும்பாமலே பேசினார். உரக்கக்கூட இல்லை.

"எந்திரத் துப்பாக்கி உறைஞ்சுபோனா இப்படித்தான் ஒவ்வொருத்தரா நின்னு, அதுமேல ஒண்ணுக்குப் போயி சூடு பண்ணுவோம். கிளைவ் பெட்டிஸ் நின்னுட்டிருந்தான். அடுத்து என் முறை. அவன் முடிக்கல, அதுக்குள்ள சுட்டுட்டாங்க. அப்படியே விட மனசு வரல, நான்தான் பட்டன் போட்டு விட்டேன். விரல் மடங்கல. ரொம்ப நேரம் ஆச்சு."



எங்கள் சங்கம் மௌன அஞ்சலியில் பேர்போனது. வழக்கமாக யாராவது இருமும்வரை நீடிக்கும். அன்று யாரும் இருமவில்லை. அறையில் ஒரே ஓர் ஓசைதான் இருந்தது. அது நின்று, தொடங்கி, மறுபடி நின்று, ஒரு கிழவரின் வேகத்தில் நடந்துகொண்டே இருந்தது. கர்னல் தன் முன்னால் இருந்த உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கர்னலைப் பார்க்காமல் இருந்தேன். வேறெங்கே பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

டெல்பர்ட் பட்டனைப் போட்டுக்கொண்டார். அதற்கும் நேரம் பிடித்தது. மறுபடி சல்யூட் அடித்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு, யாரிடமும் கேட்காமல், மகளின் காருக்குப் போய்விட்டார்.

மீதிச் சண்டைகளையும் குடித்து முடித்தோம். அதன் பிறகு ஒருவர்கூடச் சட்டத்தை மீறவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தண்டனை என்ன என்பது மூலையில் தெளிவாகத் தெரிந்ததால், ஒழுங்கு உச்சத்தில் இருந்தது.

மறுவாரம் துணைக்குழு அவசரமாகக் கூடியது. அந்த நிகழ்ச்சியைச் சங்கத்தின் வரலாற்றில் எப்படிப் பதிவது என்பதுதான் கேள்வி. கர்னல் ஆழ்ந்து சிந்தித்துவிட்டு அது ஒரு 'களம்' என்று தீர்ப்பளித்தார். எதிர்பாராத தாக்குதல் நடந்தது. நாற்பது பேரும் நிலையை விட்டு நகரவில்லை. இதைவிட என்ன வேண்டும்? ஒருமனதாகப் பதக்கம் அடிக்கத் தீர்மானித்தோம். பித்தளையில், நீல நாடாவோடு, நடுவே 'சோசின்' என்ற சொல்லோடு அழகாக வந்திருக்கிறது.

"ஸ்டக்கிக்கும் ஒண்ணு அனுப்பலாமா?" என்று மில்ட்டன் கேட்டார்.

"அவருதான் பாதியில எழுந்து போயிட்டாரே" என்றார் கர்னல். சட்டம் சட்டம்தான்.

நாங்கள் நாற்பது பேரும் அதை அணிகிறோம். தேவாலயத்துக்கும் மளிகைக் கடைக்கும்கூட அணிந்து போகிறோம். வரிசையில் நிற்பவர்கள் வழிவிடுகிறார்கள். சில பெண்கள் எங்கள் கையைப் பற்றிக்கொண்டு, அங்கே ரொம்பக் குளிராக இருந்ததா என்று தழுதழுத்த குரலில் கேட்கிறார்கள்.

குளிர்சாதனத்தை நினைத்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்கிறோம்.