நெருப்புக்கோழித் தோலில் ஒரு கீறல்

கேமரா வாங்கி, ஒரு படம்கூட எடுக்காமலே புகழ் பெற்ற மனிதர் உலகத்தில் எங்கள் டப்பா பாய் ஒருவர்தான்.

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் அவர் தரம் பிரிப்பவர். நான் ஃபினிஷிங் பிரிவில் கெமிஸ்ட். தோலைத் தடவியே, அந்த ஆடு எந்த முள்வேலியில் உரசியது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் அந்தக் கை ஒரு கேமராவிடம் போய்ச் சேர்ந்தது. ஃபிலிம் போடும் வகை. கொஞ்சமே செய்து வெளியிட்ட சிறப்புப் பதிப்பு. ஓரத்தில் தங்க முலாம், உடம்பெல்லாம் நெருப்புக்கோழித் தோல், அடியில் வரிசை எண். இதே கேமரா சாதாரணக் கறுப்பு உடையிலும் வரும். “அது பப்ளிக்குக்கு சார்” என்பார்.

“ஃபிலிம் போட்டீங்களா பாய்?”

“இன்னா சார், போட்டா மதிப்பு கம்மியாயிடும்!”

பாய் மகள் கல்யாணத்துக்கு ராணிப்பேட்டையிலிருந்து போட்டோகிராபர் வந்தார். கேமரா டப்பாவோடு முன்வரிசை நாற்காலியில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தது. சம்பந்தி நின்றுகொண்டிருந்தார்.

சென்னையில் கேமரா சேகரிப்பவர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்காகப் பாய் இரண்டு வருடம் காத்திருந்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்து, “தொட்டுப் பாருங்க சார்” என்று கேமராவைக் கொடுத்துவிட்டு டீ எடுக்க உள்ளே போனார்.

முப்பது வருடப் பழக்கம். மேல்பூச்சு பிடித்திருக்கிறதா என்று கட்டைவிரலை நக்கித் தேய்த்தேன். நகத்தால் ஓர் இழுப்பு. பழுப்புத் தோலில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

பாய் டீயோடு வந்தார். எனக்கு வாயில் மன்னிப்பு வரவில்லை, பொய் வந்தது.

“ஏமாந்துட்டீங்க பாய். மாட்டுத்தோல்ல அச்சு அழுத்தியிருக்கான். கீறிப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.”

பாய் தோலை ஒருமுறை தடவினார். “அப்டியா சார்” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் சென்னைக்குப் போகவில்லை.

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் போய்ச் சொன்னேன்: “அது நெருப்புக்கோழிதான் பாய். நான் சொன்னது பொய்.”

“தெரியும் சார். தடவுனா எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் போகல?”

“யாரு கீறுனதுன்னு கேப்பாங்க. உங்க பேரை எப்டி சார் சொல்றது? பேஜாரு.”

டப்பாவைத் திறந்தார். கேமராவில் ஃபிலிம் போட்டிருந்தார். “வெளிச்சத்துல உக்காருங்க. அழாதீங்க சார், ஃபிலிம் வேஸ்ட்டாயிடும்.”

பாய் எடுத்த முதல் படம் அது. அதில் என் தலை பாதிதான் இருக்கிறது. என் வீட்டுக் கூடத்தில் வேறு படம் மாட்டவில்லை.