பெட்டியில் மறைந்த அடிமையும் புது வாட்ச்மேனும்

எனக்கு மூன்று மேஜிக் தெரியும். மூன்றுமே உருப்படியாக வராது. வளைகுடாவில், ருவைஸ் கேம்ப்பில் வெல்டராக இருந்தபோது இதை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அறிவு இல்லை.

கம்பெனி ஆண்டு விழாவுக்கு நாடகம் போடச் சொன்னார்கள். கதை என்னுடையது, அடிமை வேஷமும் என்னுடையது. சந்தையில் வாங்கிய அடிமையை எஜமான் சங்கிலியில் கட்டிப் பெட்டியில் பூட்டுகிறான். அடிமை மந்திரத்தால் மறைந்து, ஹாலின் வாசலில் விடுதலையான மனிதனாகத் தோன்றுகிறான். எங்கள் பாஸ்போர்ட்டை எல்லாம் ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருந்த கம்பெனியின் விழாவில் இந்தக் கதை! (துணிச்சல் என்று நினைக்காதீர்கள். அந்தப் பொருத்தமே எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

என் கவலை வேறு. ஊரில் எனக்குக் கல்யாணத் தேதி வைத்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். லீவுக் கடிதம் மேனேஜர் மேஜையில் கிடந்தது. அவர் தமிழர்தான், அதனால் எங்களைக் கூடுதலாகவே விரட்டுவார். “டிராமா நல்லா வரட்டும்யா, கையெழுத்துப் போடுறேன்” என்றிருந்தார்.

சைட்டில் மிஞ்சிய பிளைவுட்டில் பெட்டி செய்தோம். பின்பலகை திறக்கும். அதன் வழியே இறங்கி, கிச்சன் கதவால் வெளியேறி, வேலியோரமாக ஓடி, மெஸ் ஹாலின் முன்வாசலில் நான் நுழைய வேண்டும்.

எஜமானாக நடித்த ரூம்மேட் முருகேசன் கேட்டான்: “மாப்ள, வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னா ரகசியம் வெளிய போயிரும்டா.”

(இதற்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.)

வெள்ளிக்கிழமை மதியம் விழா. முருகேசன் பெட்டியைப் பூட்டினான், திறந்தான். உள்ளே ஆள் இல்லை. விசில் பறந்தது. நானோ சாக்குத் துணியும் சங்கிலியுமாக வேலியோரம் ஓடிக்கொண்டிருந்தேன்.

“ஏய், ருகோ! கிதர் பாக்தா ஹை?”

எங்கே ஓடுகிறாய் என்று இந்தியில் கேட்டது, அன்றுதான் டியூட்டியில் சேர்ந்த வாட்ச்மேன். பிடரியைப் பிடித்துவிட்டான்.

“பாய், டிராமா! நான் அடிமை பாய்!”

“அச்சா? கார்டு திகாவ்.”

எடுத்துக் காட்ட, சாக்கில் பாக்கெட் ஏது? கார்டு ரூமில் கிடந்தது. சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஹாலுக்குள் போனான். முன்வரிசையில் இருந்த மேனேஜருக்கு ஒரு சல்யூட். “சார், பாக் ரஹா தா!” நான் தப்பியோடப் பார்த்தேனாம்.

ஹாலே அதிரக் கைதட்டல். அந்தப் பாவி முருகேசன், “சபாஷ் காவலா! பெட்டியிலே போடு!” என்று கையைக் காட்டினான். வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது, கை காட்டியது புரிந்தது. போட்டான்.

எல்லாரையும்விட அதிக நேரம் கைதட்டியவர் மேனேஜர். அந்த முடிவு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

ஆனால் வாட்ச்மேன் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டான், நான் தப்பியோட முயன்றதாக. மறுநாள் மேனேஜர் அதை எடுத்துக் காட்டினார்.

“ரெக்கார்டு இப்படி இருக்கேய்யா. விசாரணை முடியட்டும்.”

“சார், நீங்கதானே பாத்துக் கைதட்டினீங்க?”

“அது வேற, இது வேற.”

அந்த எழவெடுத்த விசாரணை முடிய இரண்டு மாதம். முகூர்த்தம் போயிற்று. மாமனார் பத்திரிகையில் தேதியைப் பேனாவால் அடித்துத் திருத்தி மறுபடியும் வீடு வீடாகக் கொடுத்தார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்.

இன்றும் மனைவி வீட்டு விசேஷங்களில் எனக்கு ‘ஓடிப்போன மாப்பிள்ளை’ என்றுதான் பெயர். மனைவி மட்டும் விடாமல் திருத்துவாள்:

“எங்க ஓடிப்போனாரு? அதான் புடிச்சுக் குடுத்துட்டாங்களே!”