டப்பில் தூக்கிப்போன ராஜ்ஜியம்

அறுபது மணி நேரம் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை, தினமும் அரை மணி நேரம் ஆடினால் நாலே மாதத்தில் முடித்துவிடலாம் என்று மனப்பூர்வமாக நம்பியவன் நான். கணக்கு சரிதான். கணக்குப் போட்டவனுக்குத்தான் ஒரு மனைவியும், எல்.கே.ஜி. மகனும், காலை ஆறு மணிக்கு மறைமலை நகருக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்ஸும் இருந்தன.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மேற்குத் தாம்பரத்தில் மாடி வீடு. விளையாட்டில் நான் நாடிழந்த இளவரசன். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து, சித்தப்பாவிடமிருந்து அரியணையை மீட்க வேண்டும். இளவரசன் குதிரை ஏறும்போதெல்லாம் நஸ்ரின், "ஏங்க, தண்ணி லாரி வந்துடுச்சு" என்பாள். குடத்தோடு ஓடுவேன். நாலு மாதம் ஒன்றரை வருடமானது. (சித்தப்பா நிம்மதியாக ஆண்டுகொண்டிருந்தார்.)

கடைசியாக ஒரு குகை வந்தது. உள்ளே நுழைந்தால் வெளியே வரும்வரை ஆட்டத்தை சேவ் செய்ய முடியாது. நடுவில் மெஷின் அணைந்தால் மறுபடி வாசலிலிருந்துதான். எப்படியும் நாலு மணி நேரம் வேண்டும். அரை மணிக்காரன் என்ன செய்வான்? காய்ச்சல் வரவழைத்துக்கொண்டான். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு இருமினேன். (காய்ச்சலுக்கு எதற்கு இருமல் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.) சூடான டீ டம்ளரை நெற்றியில் ஒற்றிக்கொண்டு நஸ்ரினிடம் காட்டினேன். அவள் பக்கத்துப் பள்ளியில் டீச்சர். கஞ்சி வைத்துக் கொடுத்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, "எதுனாலும் ஸ்கூலுக்குப் போன் பண்ணுங்க" என்று வாசலில் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றரை மணி நேரம் கழித்து, அரியணை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், கரண்ட் போனது.

யு.பி.எஸ். 'கீக்... கீக்...' என்று கத்தத் தொடங்கியது. பத்து நிமிடம் தாங்கும். எதிர்த் தெரு கிளினிக்கில் ஜெனரேட்டர் உண்டு. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. மானிட்டரைக் கழற்றி விட்டேன். சி.பி.யு.வையும் யு.பி.எஸ்.ஸையும் துணி துவைக்கிற பிளாஸ்டிக் டப்பில் தூக்கி வைத்தேன். வெளியே தூறல், அதனால் மேலே ஒரு துண்டு. லுங்கியோடு ஓடினேன்.

கத்துகிற டப்பைப் பார்த்ததும் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் மொத்தமாக எழுந்து வழிவிட்டார்கள். கால்வலிக்கு ஊசி போட வந்திருந்தார் நஸ்ரினின் பள்ளி ஆயா அஞ்சலை அக்கா.

"ஐயோ, டீச்சர் வூட்டுக்காரரு! இன்னா சார் ஆச்சு? இன்னா மிஷினு இது, இப்டி கத்திகினு கீது?"

"அப்புறம் சொல்றேன்க்கா. எட்டு நிமிஷம்தான் தாங்கும்!"

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் செல்போனை எடுத்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு ஓடிவந்து துண்டை விலக்கினார்.

"பேஷன்ட் எங்க?"

"சார்... ஒரு பிளக் பாயின்ட் மட்டும் கிடைக்குமா?"

அவர் துண்டை மெதுவாக, இறந்தவருக்குப் போர்த்துவதுபோலத் திரும்பப் போர்த்திவிட்டு, சுவரைக் காட்டினார். வயரைச் செருகினேன். கத்தல் நின்றது. டப்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் வெற்றி வீரனாக உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. நஸ்ரின். ஒரு காலில்தான் செருப்பு. கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"எங்க அவரு? மெஷின் வச்சிருக்காங்களாமே, எங்க?"

என்னைப் பார்த்ததும் நின்றாள். நெற்றியைத் தொட்டாள். நெற்றி சில்லென்று இருந்தது. துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள். "ஆட்டோல வர்றப்ப நான் என்னென்ன நெனச்சேன் தெரியுமா?"

எனக்கு அரியணை மறந்துபோனது. "இப்பவே ஆஃப் பண்ணிடறேன்" என்று துண்டுக்குள் கை விட்டேன்.

"வுடு டீச்சரே, அதான் அமுத்திட்டாரே, பாவம்" என்றார் அஞ்சலை அக்கா.

இப்போதெல்லாம் விளையாட்டுகள் தாமே சேவ் செய்துகொள்கின்றன. என் மகன் மின்சார ரயிலில் நின்றபடி, பல்லாவரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில் ஒரு நாட்டைப் பிடித்துவிடுகிறான். எனக்குச் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் பிறகு கிடைக்கவே இல்லை; சித்தப்பா இன்னமும் ஆள்கிறார். தண்ணி லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் குதிரை ஞாபகம் வருகிறது.

வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நஸ்ரின், "டப்பை எடுக்கவா?" என்பாள். விருந்தாளிகள் வந்தால் கதையை இப்படி முடிப்பாள்: "ஒன்றரை வருஷ ஆட்டம். எனக்காக ஒரே நொடியில ஆஃப் பண்ணிட்டாரு." நான் அடக்கமாகத் தலைகுனிந்து பிஸ்கட் தின்பேன்.

இதை அவளும் படிப்பாள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். நான் துண்டுக்குள் கை விட்டபோது சி.பி.யு.வில் விளக்கே எரியவில்லை. வீட்டில் டப்புக்குள் தூக்கி வைத்தபோதே அதன் பின்பக்க வயர் கழன்றுவிட்டிருந்தது. தெரு நெடுக நான் மார்போடு சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டு ஓடியது, கத்துகிற ஒரு பேட்டரியை.