முறுக்கு எண்ணெயில் ஓடிய மாப்பிள்ளை கார்

வேதியியல் வாத்தியாரைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு அரசாங்கம் ஏதாவது உதவித்தொகை தரலாம். திரிந்த பால், துருப்பிடித்த ஆணி, அடைத்துக்கொண்ட சாக்கடை என்று வீட்டில் எதைப் பார்த்தாலும் அவனுக்கு விளக்கம் சொல்லத் தோன்றும். விளக்கத்தோடு விட்டால் புண்ணியம். நான் விடவில்லை. மச்சான் சேதுவின் மாப்பிள்ளை அழைப்பு அன்று மாமனாரின் காரில் என் படிப்பைக் காட்டினேன்.

எனக்குத் தேவகோட்டைப் பள்ளி ஒன்றில் வேலை, காரைக்குடியில் வீடு. அடுத்த தெருவில் மாமனார். அவர் இன்ஜினியர் மாப்பிள்ளை தேடியவர். ("வாத்தியாரா? சரி, லீவாச்சும் நெறையா இருக்கும்ல" என்று முதல் நாளே தேற்றிக்கொண்டவர்.) அவரிடம் ஒரு பழைய வெள்ளை டீசல் கார் உண்டு. யாரையும் தொட விடமாட்டார். சேது அந்தக் காரில்தான் பெண் ஊருக்குப் போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால், வேறு வழியில்லாமல் சாவியை என் கையில் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அவர் என்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள் அது. (மகளைக் கொடுத்தார், ஆனால் நம்பிக் கொடுக்கவில்லை.)

அந்த நம்பிக்கையை நான் அப்படியே காப்பாற்றியிருக்கலாம். ஆனால் எங்கள் தெருமுனையில் கல்யாணப் பலகாரம் போடுகிற வீடு இருக்கிறது. முறுக்கும் மனகோலமும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய எண்ணெய் அங்கே டின் டின்னாகக் கிடக்கும். அதில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் பயோடீசல் கிடைக்கும். நான் பார்த்த எல்லா வீடியோவிலும் ஆள் சிரித்துக்கொண்டே காரை ஓட்டிப் போனான். எதிலும் திரும்பி வரவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

கொல்லையில் எண்ணெயைச் சுடவைத்து, பிளாஸ்டிக் டிரம்மில் கலக்கித் தெளிய வைத்தேன். ஒரு அகல்விளக்கில் ஊற்றிக் கொளுத்தினேன், எரிந்தது. அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது. (என் மனைவி செல்வியின் வயிறும் அப்போது எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

டாங்கில் ஊற்றும்போது மாமனார் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள ஊத்துறீக?"

"பயோடீசல் மாமா. நானே செஞ்சது."

"பொண்ணு ஊருக்குப் புதுவயலத் தாண்டிப் போகணும் மாப்ள. பங்க்குல டீசலப் போட்டுருங்க."

"மாமா, இது டீசலை விடச் சுத்தம்."

அது உண்மை. வினையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்துவிட வேண்டும் என்று பெண்ணின் தாய்மாமன் நாலைந்து முறை போனில் சொல்லியிருந்தார். மரியாதை விஷயத்தில் அவர் தொட்டாற்சிணுங்கி. நிச்சயத்தில் வெற்றிலைத் தட்டை இடக்கையால் வாங்கினார்கள் என்று பாதி ஊரைக் கூட்டியவர். செல்வியும் மற்றப் பெண்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பூச்சரங்கள் தொங்கிய காரில் சேது, மாமனார், நான்.

புதுவயலில் அரிசி ஆலை லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தபோதே வாசனை கிளம்பிவிட்டது. எங்கள் புகைக்குழாயிலிருந்து சுடச்சுட முறுக்கு வாசனை. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கை உயர்த்தித் திரும்பினார்கள். எனக்கு ஒரே பெருமை.

"அத்தான், எனக்குப் பசிக்குது" என்றான் சேது.

பெண் ஊர் எல்லையில் தாய்மாமன் சந்தனமும் துண்டுமாக எதிர்கொண்டு அழைக்க நின்றார். காரை மெதுவாக்கினேன். அவர் மூக்கு விடைத்தது. முகம் மாறியது.

"என்ன, சமையக்காரகளையும் கூட்டியாந்துட்டீகளா? எங்க வீட்டுப் பலகாரம் ஒங்களுக்கு எறங்காதோ?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க" என்று மாமனார் பதறினார். "அது வண்டி வாசம்."

"வண்டியில முறுக்கு வாசம் வருமா? யாருகிட்ட சொல்றீக?"

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அந்த நொடியில் கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். டாங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கையெல்லாம் அது சுரண்டிக் கொண்டுபோய் ஃபில்டரில் அடைத்துவிட்டது. கரைப்பான் என்றால் என்ன என்று வருடா வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். முப்பத்தைந்து மார்க் எடுக்கிற பையனுக்குக்கூட இது தோன்றியிருக்கும்.

மணி நாலைத் தாண்டிவிட்டது. தாய்மாமன் கோபத்தை ஒத்திவைத்துவிட்டு, வழியே வந்த தவிட்டு லாரியை மறித்தார். மாப்பிள்ளை வருகிற காரைக் கயிறு கட்டி இழுப்பது அபசகுனம் என்று சேதுவையும் மாமனாரையும் லாரியின் முன்பக்கம் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். பூ அலங்காரத்தோடு காரை அங்கே விட்டுப் போக மாமனாருக்கு மனமில்லை. ஆகவே லாரிக்குப் பின்னால் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் கார், காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான். ஜன்னலை ஏற்றினால் வேகும், இறக்கினால் தவிடு. இறக்கினேன். வேர்த்த முகத்திலும் பட்டுச் சட்டையிலும் தவிடு அப்பி, மண்டபத்தை அடைந்தபோது என்னைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

லாரி வாசலைத் தாண்டிப் போய் நின்றது. கார் வாசலுக்கு நேராக நின்றது. மேளம் கொட்டியது. பூச்சரம் போட்ட கார், உள்ளே பட்டுச் சட்டையில் ஒருவன். பெண் வீட்டார் வேறென்ன நினைப்பார்கள்? கதவைத் திறந்து இறக்கினார்கள், மாலை போட்டார்கள். மூன்று பெண்கள் ஆரத்தி சுற்றி நெற்றியில் திலகம் வைத்தார்கள். "நான் இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தவிடு தொண்டைக்குள் போய் இருமல்தான் வந்தது. அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு ஒரு அத்தை என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்.

லாரியிலிருந்து மாமனார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அவுக இல்ல! அவுக இல்ல!"

கூட்டத்துக்குள்ளிருந்து செல்வியின் குரல் கணீரென்று கேட்டது. "அது எங்க வீட்டுக்காரரு! எனக்குத் தாலி கட்டி பதினோரு வருசமாச்சு!"

மேளம் நின்றது. முதலில் சிரித்தவர் தாய்மாமன்தான். நிச்சயத்திலிருந்து சேர்த்துவைத்த கோபமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. வேறு ஆரத்தி கரைக்க நேரமில்லை. சேதுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் ஓட, ராகுகாலம் பிறப்பதற்குள் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் விழுந்தான். மாலை இல்லை, ஆரத்தி இல்லை. எல்லாவற்றையும் நான் வாங்கிவிட்டேனே.

சேதுவின் கல்யாண ஆல்பத்தில் முதல் படம் நான். மாலையும் திலகமும் தவிடுமாக நிற்கிறேன். அவன் பெண்டாட்டி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "ஆரத்தி எடுத்தது இவுகளுக்கு, தாலி கட்டுனது அவுக" என்று அறிமுகம் செய்கிறாள். செல்வி இன்றும் முறுக்கு சுட்டால், எண்ணெய் ஆறுவதற்கு முன்பே பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள்.

மாமனார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் காரில் ஏறினோம். நான் பின் சீட்டில் உட்கார்ந்ததும் அவர் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மாப்ள, நீங்க சும்மாதான வாரீக? கையில ஒண்ணும் கொண்டாரலையே?"