காதில் விழுந்த பாட்டும் கட்டத்தில் விழுந்த நானும்

வாழ்க்கையில் ஒரு தடவையாவது என் மனைவியை வாயடைக்க வைத்துவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இதுவரை அந்த வாயை அடைத்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவராலும் அரைமணி நேரத்துக்கு மேல் முடியவில்லை.

அவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை ஊரார் எழுதிய பிழைகளைத் திருத்துவாள். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து என்னைக் கையில் எடுப்பாள். அங்கே சம்பளத்துக்குச் செய்வது, இங்கே சேவை.

நான் கல் அறுக்கும் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவன். பெரிய பாறையை வாள் வைத்து அறுத்துப் பலகை பலகையாக எடுப்பார்கள். அந்தப் பலகைகளை வாரில் கட்டித் தூக்கி, பட்டறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. கீழே நான்கு வாள்கள் ஓடும். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறேன். கல்லை அறுத்த வாள் என் காதையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிட்டது. இது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

காது கேட்காததை மறைப்பது பெரிய வித்தையில்லை. யார் பேசினாலும் பாதியிலேயே தலையாட்ட வேண்டும். அவர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் "காலம் கெட்டுப்போச்சு" என்று சொல்ல வேண்டும். எந்தப் பேச்சுக்கும் அது பொருந்தும். ஒரு சாவு வீட்டில் மட்டும் அவசரப்பட்டுச் சிரித்துவிட்டேன்.

கொஞ்ச நாளாக அவள் காது டாக்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாள். நான் குளிக்கும்போது பாடுகிற பாட்டெல்லாம் தப்பாக இருக்கிறது என்றாள். பாட்டில் தப்பு இருந்தால் எழுதினவரைப் போய்க் கேள் என்றேன். அதோடு விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, அவள் அச்சகத்தில் அச்சாகித் தெருத்தெருவாக இலவசமாகப் போடுகிற வாரத் தாளைக் கொண்டுவந்து என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்து. தலைப்பு: "காதில் விழுந்த பாட்டு." பாட்டுகளின் பெயரைத் தப்பாகக் காதில் வாங்கினால் எப்படி இருக்குமோ அப்படிக் குறிப்பு கொடுத்திருந்தார்கள். தப்பான சொல்லுக்குப் பதிலாகச் சரியான சொல்லைக் கண்டுபிடித்துக் கட்டத்தில் எழுத வேண்டும்.

இது உங்களால் ஆகாத காரியம் என்றாள். ஏன் ஆகாது என்றேன். பாட்டைச் சரியாகக் கேட்டவர்களுக்குத்தான் வரும் என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எல்லாக் கட்டத்தையும் சரியா நிரப்பிக் குடுங்க. அதுக்கப்புறம் இந்த வீட்டுல காதுங்கிற வார்த்தையையே நான் எடுக்க மாட்டேன். ஒரு கட்டம் தப்பானாலும் என்கூட டாக்டர்கிட்ட வரணும்."

"தோடு வாங்கப் போனாக்கூட அந்த வார்த்தை வரக்கூடாது."

"வராது."

சம்மதித்தேன்.

அவள் வேலைக்குக் கிளம்பியதும் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். அன்று எனக்குப் பிற்பகல் வேலை. முதல் குறிப்பு, "தேள் கொட்டும் மாலையிலே." இதில் என்ன தப்பு? தேள் என்றால் கொட்டத்தான் செய்யும். காதல் பாட்டில் தேளுக்கு என்ன வேலை என்று ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. காதலென்றால் வலி இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்தது, "இடியும் வரை பேசு." என் மனைவியைப் பார்த்துத்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பல வருஷமாக நம்பியிருந்தேன். அதற்கடுத்தது, "கண்ணே உன் மூக்குவலி சொல்லு." பெண்ணுக்கு ஜலதோஷம். பையன் அக்கறையாக விசாரிக்கிறான். இதிலும் குற்றமில்லை.

பதினான்கு குறிப்புகள் இருந்தன. மடிப்புக்குள் போயிருந்த கடைசியை விட்டுவிட்டுப் பதின்மூன்றைப் படித்துப் பார்த்தேன். பதின்மூன்றும் எனக்குச் சரியாகவே பட்டன. சரியான பெயர்களைப் போட்டுவிட்டுத் தப்பு என்கிறீர்களே என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம்கூட மனதில் எழுதினேன். அப்புறம் பயம் வந்தது. ஒரு மனிதன் இவ்வளவு காலமும் தேளைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறானா?

ஆகவே குறுக்கு வழியில் போவது என்று தீர்மானித்தேன். பாட்டு விஷயத்தில் என் மச்சினனை மிஞ்ச ஆள் கிடையாது. என் மனைவிக்கு ஒரே தம்பி. என் பட்டறையில்தான் வேலை. நான் மேலே கிரேன் கூண்டில், அவன் கீழே கல்லுக்குப் பக்கத்தில். மூன்று மாதமாக வீட்டில் படுத்திருக்கிறான். ரேடியோதான் துணை.

அவன் படுத்ததற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் எங்களுக்குள் நாலே சொல்தான். தூக்கு, இறக்கு, நகத்து, நிறுத்து. மாமன், மச்சினன் மரியாதையெல்லாம் வாசலோடு சரி. பெரும்பாலும் அவன் கையைப் பார்த்தே நான் ஓட்டிவிடுவேன். அன்று தொங்கிய கல் அவனை மறைத்துவிட்டது. கை தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "நகத்து" என்று கேட்டது. நகர்த்தினேன். அவன் வலது காலில் இரண்டு விரல்கள் போயின. அதற்குப் பிறகு அவன் கத்தியது எனக்கு நன்றாகவே கேட்டது.

வார் வழுக்கிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னது அவன்தான். முதலாளி பழைய வார்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது வருகிற வார் எதுவும் உழைப்பதில்லை என்று பேசிவிட்டு வருவேன்.

இந்தத் தடவை சனிக்கிழமை மத்தியானமே போனேன். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தான். கால் தலையணை மேல் இருந்தது. கட்டிலுக்கடியில் அவன் பூட்ஸ். நடந்து பழக வேண்டுமே என்று வலது பூட்ஸின் முனையில் துணியைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தாளை விரித்தேன்.

"தேள் இல்ல மாமா, தேன்" என்றான். இடியும் வரை இல்லை, விடியும் வரை. மூக்குவலி இல்லை, முகவரி. ஒவ்வொன்றாக அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். மூக்குவலியில் சிரிக்க ஆரம்பித்தவன், "காத்தடிப்பேன் வாசலிலே" வந்தபோது தலையணையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படிக்கும்படி கெஞ்சினான். மூன்று மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அது காத்திருப்பேனாம்.

சிரித்து ஓய்ந்ததும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதெல்லாம் நீங்க பாடுறதுதானே மாமா. அக்கா ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கா."

"நான் பாடுறது பத்திரிகைக்காரங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கட்டம் போடுறதே அக்காதான். நாலு வருஷமா. உங்ககிட்ட அப்பவே சொன்னாளாமே."

யோசித்துப் பார்த்தேன். சொல்லத்தான் சொன்னாள். ஒரு நாள் மிகவும் சந்தோஷமாக வந்து, இனிமேல் பத்திரிகைக்கு நான்தான் சட்டம் போடப் போகிறேன் என்றாள். அப்படித்தான் எனக்குக் கேட்டது. வீட்டில் போடுகிற சட்டம் போதாதா என்று கேட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னது கட்டம் என்பது நாலு வருஷம் கழித்து இந்தக் கட்டிலோரத்தில் எனக்கு எட்டியது.

தாளை அப்போதே மடித்திருக்க வேண்டும். இன்னும் ஒன்றுதானே பாக்கி, படியுங்கள் என்றான். அர்த்தம் மனதில் ஏறுவதற்கு முன்னால் வாய் படித்துவிட்டது.

"'நகத்து, மன்னவா, நகத்து.' பாடியவர் சொன்னது இதுவல்ல. நாலு எழுத்து."

அவன் கையை நீட்டி ரேடியோவை அணைத்தான்.

இந்தப் பாட்டை நான் பாடியதே இல்லையே என்றேன்.

"இது பாட்டே இல்ல மாமா."

பேனா என் கையில் இருந்தது. கட்டம் நான்கும் காலியாக இருந்தன. எழுதுங்கள் என்றான். நான் எழுதவில்லை.

"அன்னைக்கு நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நிறுத்துன்னு சொன்னேன். மூணு தடவை."

"எனக்கு அது…"

"தெரியும்."

அதற்கு மேல் அவன் பேசியதெல்லாம் ஜன்னலைப் பார்த்துத்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அக்கா பாடு என்ன ஆகும் என்றுதான் வார் மேல் பழியைப் போட்டானாம். நடந்ததை அக்காவிடம் மட்டும் சொன்னானாம். மற்றதை நானே வந்து சொல்வேன் என்று காத்திருந்தானாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இன்று சொல்வார், இன்று சொல்வார் என்று நினைப்பானாம். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேனாம்.

"என் இடத்துல இப்ப புதுசா ஒருத்தர் நிக்கிறாராமே" என்றான்.

"ஆமா."

"அவரு குரல் எப்படி?"

"மெல்லிசு."

அவன் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் காலில் பத்து விரலும் இருந்தன.

நான் "நிறுத்து" என்று எழுதினேன். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாளை மனைவியிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று எல்லாவற்றையும் சரிபார்த்தாள். பேனா ஒரு இடத்திலும் தாளைத் தொடவில்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் கண் கொஞ்சம் நின்றது. பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"எல்லாம் சரி. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

ஜெயித்தவன் இப்படி உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். உலர்ந்த துணிகளை மடித்தாள். குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாற்றுவதைப் பற்றிப் பேசினாள். நான் எதிர்பார்த்த அந்த ஒரு சொல்லை மட்டும் எடுக்கவே இல்லை. தம்பி வீட்டுக்குப் போனீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. நான் அங்கேதான் ஓடுவேன் என்று தெரிந்துதான் அந்தக் கடைசிக் குறிப்பை அவள் போட்டிருக்கிறாள். ஆறு சட்டை மடிக்கும் வரை பொறுத்தேன்.

"காது டாக்டர்கிட்ட போகணும்" என்றேன்.

"என்ன? கேக்கல."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். ஏழாவது சட்டையை மடித்து வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் பெயரில் நேரம் வாங்கியிருந்தாள். வாங்கிய தேதி வியாழக்கிழமை. போட்டி ஆரம்பிப்பதற்கு முந்தின நாள்.

பட்டறையிலும் சொல்லியாயிற்றா என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "அது நீங்க சொல்லணும்."

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். வாள்கள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த புது வார்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் நல்ல வாரா இருந்துச்சேய்யா" என்றார். பிறகு கையை நீட்டினார். கிரேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மெல்லிய குரல்காரர் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார் என்று நினைக்கிறேன்.

டாக்டர் இடத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் என்னை உட்காரவைத்துக் காதில் எதையோ மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே ஒரு பெண் எந்திரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் விரலைப் பார்த்து அமுக்கினேன். நாலாவது தடவை என் மனைவி அவளிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் வெகுநேரம் நான் பொத்தானை அமுக்கவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் ஒரு தாளைக் காட்டினாள். கோடு இடது பக்கம் மேலே ஆரம்பித்து, மாடிப்படி மாதிரி கீழே இறங்கி, வலது பக்கம் தரையைத் தொட்டது. போனது போனதுதான், திரும்பி வராது என்றாள். இரண்டு காதுக்கும் கருவி வைத்தால் எதிரே இருப்பவர் பேசுவது புரியும். கிரேன் பக்கம் மட்டும் இனிமேல் போகக் கூடாது. அப்புறம் படிவத்தை எடுத்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமா" என்றேன். எழுதினாள். எழுதிவிட்டு, வழக்கம் போலிருக்கிறது, என் மனைவியைப் பார்த்தாள்.

என் மனைவி தரையைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் தரையைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"ஆறு" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, நான் உதட்டைப் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே எனக்கு முதுகைக் காட்டி நின்று ஏதோ திட்டினாளாம். நான் திரும்பவில்லையாம். மறுநாளும் திட்டிப் பார்த்தாளாம்.

"மனசுல இருக்கிறதெல்லாம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு இடம் கெடச்சுது. உங்களுக்கும் சண்டை இல்ல. அப்படியே விட்டுட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா என் தம்பி கால்ல…"

அதை அவள் முடிக்கவில்லை. முடிக்காததும் எனக்குக் கேட்டது.

அந்தப் பெண் படிவத்தில் இரண்டை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள். இரண்டு வருஷமாக நான் இவளிடம் மறைத்து வைத்திருந்ததை, இவள் ஆறு வருஷமாக என்னிடம் மறைத்து வைத்திருந்திருக்கிறாள்.