கசிவின்றி நூறு நாட்கள்

மார்ச் நான்காம் தேதி காலை எட்டரை மணிக்கு, காக்களூர் தொழிற்பேட்டையில், எங்கள் கம்பெனிக் கொடிக்கம்பத்தின் அடியில் நின்று நான் ஓர் உறுதிமொழி எடுத்தேன். அன்று பாதுகாப்பு தினம். எல்லோரும்தான் வலது கையை நீட்டினார்கள். ஆனால் மற்றவர்கள் அப்புறம் கொடுக்கப்போகிற சமோசாவை நினைத்து நீட்டினார்கள். நான் மனதார நீட்டினேன்.

என் பெயர் ஜெரால்ட். வால்வுகளில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வால்வுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்குவேன். குமிழி வந்தால் திருப்பி அனுப்புவேன். வராவிட்டால் 'ஓகே' முத்திரை குத்துவேன். பதினான்கு வருடத்தில் என் கண்ணுக்குத் தப்பி ஒரு குமிழி வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்டவன் வீட்டில்தான், அதற்கு முந்தின நாள், அந்த அவமானம் நடந்திருந்தது.

எங்கள் ஹாலில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதில் ஒரே ஓர் ஆஸ்கார் மீன். கறுப்பு உடம்பு, ஆரஞ்சுத் திட்டு, உள்ளங்கை அகலம். பெயர் சூப்பர்வைசர். நான் ஷிப்ட் முடிந்து வந்து லுங்கி மாற்றும்போதே கண்ணாடியோரம் வந்து நின்று என்னை உற்றுப் பார்க்கும். நான் பேசினால் கடைசிவரை கேட்கும். இந்த வீட்டில் அப்படிக் கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான். அதன்மேல் எனக்கு உயிர்.

தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஃபில்டர், தொட்டிக்கு வெளியே, தரையில் நிற்கிற ஒரு டப்பா. அதன் மூடியில் உள்ள ரப்பர் வளையம் விரிசல் விட்டுவிட்டது. நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதித் தொட்டி ஹாலில் இருந்தது. ஷோகேஸ் கால் ஊறிப் பருத்துவிட்டது. மகள் ஷைனியின் ரெக்கார்டு நோட்டு நனைந்துவிட்டது. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் முனுசாமியின் சீலிங்கில் ஆந்திரா மேப் ஒன்று விழுந்துவிட்டது. மிச்சம் இருந்த தண்ணீரில் சூப்பர்வைசர் தப்பித்ததே ஆண்டவர் கிருபை.

என் மனைவி பிரின்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

"பதினோரு வருசமா இந்த ஊட்டத் தொடைக்கறது நானு. இன்னிக்கு இதையும் நானே தொடைக்கணுமா?"

"எனக்குத்தான் இடுப்பு வலியாச்சே பிரின்சி."

"தெரியும். மாப்பப் பாத்தாலே வர்ற வலி." பிரின்சி பக்கெட்டில் துணியைப் பிழிந்தாள். "கேட்டுக்க ஷைனிப்பா. இனிமே ஒரு சொட்டு கீழ வுழுந்துச்சு, மீனு எங்க அண்ணன் ஊட்டுக்குப் போய்டும்."

"தாவீது மச்சான் ஊட்டுக்கா? அவரு மீனு வளக்கற ஆளு இல்லியே!"

"வளக்க மாட்டாரு."

கடம்பத்தூர் தாவீது மச்சானை எனக்கு நன்றாகத் தெரியும். போன கிறிஸ்துமசுக்கு வந்தபோது தொட்டி முன்னால் கால் மணி நேரம் நின்றார். ரசிக்கிறார் என்று நானும் பெருமையாகப் பக்கத்தில் போய் நின்றேன். "மாப்ள, இதுல முள்ளு ஜாஸ்தியா இருக்குமா?" என்று கேட்டார்.

ஆகவேதான் மறுநாள் கொடிக்கம்பத்தடியில் அவ்வளவு மனதாரக் கையை நீட்டினேன். அன்று மாலையே புது ரப்பர் வளையம் வாங்கி, கிரீஸ் தடவி மாட்டினேன். இரண்டு குழாய்க்கும் கிளாம்ப் போட்டு முறுக்கினேன். ஒயர் வழியாகத் தண்ணீர் பிளக்குக்குள் போகாமலிருக்க, ஒயரைத் தாழ்வாக வளைத்துத் தொங்கவிட்டேன். ஃபில்டருக்கு அடியில் ஓரம் உயர்ந்த ஒரு தட்டு வைத்தேன். கடைசியாகச் சுவரில் ஒரு போர்டு மாட்டினேன். எங்கள் கம்பெனி கேட்டில் 'விபத்தின்றி இத்தனை நாட்கள்' என்று தொங்குமே, அதே மாதிரி.

"இன்னாது இது?" என்றாள் பிரின்சி.

"கசிவின்றி எத்தினி நாளுன்னு போர்டு. தெனம் ஒரு நம்பர் ஏறும்."

"லீக் ஆச்சுன்னா?"

"சைபர் ஆய்டும். கம்பெனி ரூலு."

"யாரு எழுதுவா?"

"நான்தான். நான் பொய் எழுதுவனா?"

"சத்தியமா?"

சூப்பர்வைசர் மேல் சத்தியம் செய்தேன்.

"சரி. நூறு நாளு காட்டு. அப்பறம் உன் மீனப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

மூன்று நாள் ராஜாவாக இருந்தேன். நான்காம் நாள் காலை ஐந்தேகாலுக்கு எழுந்து வந்தால், ஃபில்டர் பக்கத்தில், தட்டுக்கு வெளியே, சாசர் அகலத்துக்கு ஈரம்.

பிரின்சி ஐந்து மணிக்கே எழுந்து ஒரு டம்ளர் சீரகத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு நடக்கப் போய்விடுவாள். திரும்பி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மாப்பை எடுத்துத் துடைத்தேன். துடைத்த பிறகுதான் புரிந்தது, தரையில் ஒரே ஓர் இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. போலீஸ் நாய் தேவையில்லை, ஷைனியே கண்டுபிடித்துவிடுவாள். வேறு வழியில்லாமல் ஹால் முழுக்கத் துடைத்தேன். ஹால் மட்டும் துடைத்தால் சந்தேகம் வரும் என்று சமையலறையையும் துடைத்தேன்.

"இன்னா ஷைனிப்பா, மாப்பும் கையுமா?" மாடியிலிருந்து இறங்கி வந்தவள் கேட்டாள்.

"பாதுகாப்பு வாரம் பிரின்சி. கம்பெனில சொல்லிக்கிறாங்க. சுத்தம் ஊட்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம்."

"நல்ல கம்பெனி," என்று சொல்லிவிட்டு நாஷ்டா செய்யப் போனாள்.

போர்டில் நான்கு என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் குத்திய முதல் பொய் முத்திரை அது.

மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதம் சுற்றிப் பார்த்தேன். காகிதம் காய்ந்தே இருந்தது, தரை நனைந்தே இருந்தது. ஒரு நாள் சந்தடியில்லாமல் ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுக் கம்பெனிக்கே எடுத்துப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி வரதன், "இன்னாண்ணா அது?" என்றான். "நாஷ்டா டப்பா," என்றேன். டெஸ்ட் தொட்டியில் பத்து நிமிடம் அமுக்கினேன். ஒரு குமிழி வரவில்லை. 'ஓகே' முத்திரை குத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். விடிந்தால், முத்திரைக்குப் பக்கத்திலேயே ஈரம்.

இன்னொரு நாள் ஐந்து மணிக்கு முன்பே வந்து தரையில் படுத்து ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. பிரின்சி பார்த்துவிடக் கூடாதே என்று பல் விளக்க ஓடினேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். பிரின்சி மாடிக்குப் போயிருந்தாள். ஈரம் வந்திருந்தது. பதினான்கு வருட சர்வீஸில் இப்படிக் கசிகிற ஒரு பொருளை நான் கண்டதே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல முறை வாய்வரை வந்தது. சூப்பர்வைசர் கண்ணாடியோரம் வந்து பார்க்கும். தாவீது மச்சானின் வாணலி என் கண் முன்னால் வரும். வாயை மூடிக்கொண்டு துடைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாவங்களை நினைத்து மார்பில் தட்டிக்கொள்ளும்போது போர்டுக்காக இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டினேன். ஒன்று மட்டும் அதிசயம். அந்த இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

நூறாம் நாள் வந்தது. பிரின்சி கேசரி கிண்டினாள். போர்டுக்குக் கதம்பம் சுற்றினாள். முனுசாமி மேலே வந்து தரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"இன்னா நைனா, உன் ஊட்டுத் தரைல மூஞ்சி தெரியுது!"

"எல்லாம் இவருதான்," என்றாள் பிரின்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தாவீது மச்சானும் வந்திருந்தார். கையில் மூடி போட்ட ஒரு பக்கெட். போர்டைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், இரண்டாம் முறை கேசரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் போனபிறகு பிரின்சி என்னைப் படுக்கை அறைக்குக் கூப்பிட்டாள். ஜன்னலோரம் ஸ்டூல் மேல் ஒரு புதுக் கண்ணாடித் தொட்டி.

"எனக்கா பிரின்சி?"

"பின்ன யாருக்கு? ஹால்ல ஒண்ண வச்சிக்கினு ஊட்டயே இவ்ளோ சுத்தமா வச்சிக்கிறே. இங்கயும் ஒண்ணு இருக்கட்டும். நாளைக்கு தண்ணி ஊத்திக்கலாம்."

இப்படிப்பட்ட ஒரு பெண்ணை நூறு நாள் ஏமாற்றிவிட்டேனே என்று என் மனம் கிடந்து துடித்தது.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்குக் கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். சில்லென்றது. புதுத் தொட்டிக்கு அடியில், தரையில், சாசர் அகலத்துக்கு ஈரம்.

பழக்கதோஷத்தில் கை ரப்பர் வளையத்தைத் தேடியது. வளையம் இல்லை. ஃபில்டரே இல்லை. தொட்டியில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். ஈரத்தின் நடுவில் இரண்டு சீரகம் கிடந்தன.

தொண்ணூற்றேழு காலை துடைத்த தரை மொத்தமும் என் தலைக்குள் சுற்றியது. ஆத்திரத்தோடு ஹாலுக்கு ஓடினேன். கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். எதிரே போர்டு. கசிவின்றி 100 நாட்கள். என் கையெழுத்து, என் சத்தியம். இந்த ஈரத்தைப் பற்றிப் பேசினால் அந்த ஈரங்களைப் பற்றியும் பேச வேண்டும். சைபர் போட வேண்டும். தாவீது மச்சான் பக்கெட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மாடிப்படி வாசலில் டம்ளரோடு நின்றிருந்தாள் பிரின்சி.

"இன்னா ஷைனிப்பா, மூஞ்சி ஒரு மாரி கீது? லீக்கா?"

சூப்பர்வைசர் கண்ணாடியோரம் வந்து என்னையே பார்த்தது.

"இல்ல பிரின்சி. ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி. கட்டில நவுத்திட்டுத் தொட. அடியில ஒரே தூசி."