முதலாளியின் பாஷை

"சூபோர்!" என்றார் முதலாளி ஹூபர், கணினித் திரையை விரலால் தட்டி.

யோகராஜா பலமாகத் தலையாட்டினான். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுவதிலிருந்து தப்பி, சுவிஸ் நாட்டு வின்டர்தூரில் பம்பு விற்கும் கம்பனியில் கதிரையில் உட்கார்ந்து செய்யும் வேலை, 1987இல் ஓர் அகதிக்கு லேசில் கிடைக்காது. தலையாட்டத்தான் சம்பளம் என்றாலும் ஆட்டலாம்.

கணினிக்குத் தெரிந்தது ஆங்கிலம். யோகராஜாவுக்கும் யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் இருந்தது. ஃபைல், டைரக்டரி என்று வேலை ஒழுங்காக நடந்திருக்கும். முதலாளிதான் ஃபைலை ஃபைல் என்று சொல்வதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். ஜெர்மனில் தொடங்கும் அவர் பேச்சு, பாதியில் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

பின்னேரம் அறைத் தோழன் குகநாதனிடம் கேட்டான்.

"சூபோரோ? அது சிலோவாக் பாஷை மச்சான். எங்கட ரெஸ்டோரண்டிலை சமைக்கிற கோக்கி அந்த நாட்டான். உன்ர முதலாளியும் அங்கத்தை ஆளாக்கும்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"படி. ஆளின்ர பாஷையிலை கதைச்சியெண்டால் வேலை நிரந்தரம்."

கோக்கி சந்தோஷமாகப் படிப்பித்தார். ஒரே குறை, அவர் கணினியைக் கண்ணால் கண்டதில்லை. அவர் கணக்கில் சூபோர் என்றால் ஆட்டக் கோஷ்டி. அத்ரேசார் என்றால் விலாசப் புத்தகம். ஸ்மசாத் என்றால் துடைப்பது.

மறுநாள் முதலாளி பழைய ஃபைல் ஒன்றைக் காட்டி, "ஸ்மசாத் சூபோர்" என்றார். திரையில் ஆட்டக் கோஷ்டி எதுவும் தென்படவில்லை. யோகராஜா துணி எடுத்துத் திரையைப் பளபளவென்று துடைத்தான். முதலாளி பெருமூச்சு விட்டு, டெலிட் செய்வதைத் தானே செய்து காட்டினார்.

"ஆனோ!" என்றான் யோகராஜா. ஓம் என்பதற்குக் கோக்கி சொல்லிக்கொடுத்தது.

முதலாளியின் முகம் மலர்ந்தது. அதுதான் வினை. அடுத்த நாள் புதிதாக ஒரு கட்டுச் சொற்களோடு வந்தார். அவற்றைப் படிக்க யோகராஜா கோக்கியிடம் ஓடினான். இவன் படிக்கப் படிக்க அவர் இன்னும் கொண்டுவந்தார். இருவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

வெள்ளிக்கிழமை முதலாளி, "கோரெனோவீ அத்ரேசார்... ஸ்மசாத்" என்று சொல்லி எதையோ சுட்டினார். கோரென் என்றால் வேர். விலாசப் புத்தகம் என்றால் டைரக்டரி. ரூட் டைரக்டரி! கோக்கியிடம் ஓடாமலே விளங்கிவிட்ட பெருமிதத்தில், அதில் இருந்ததை எல்லாம் அழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். நிச்சயமாகவா என்று கணினி ஆங்கிலத்தில் கேட்டது. நிச்சயமாகத்தான் என்றான். கணினிக்குள் இருந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

ஒரேயொரு பழைய ஃபைலைச் சுட்டிய முதலாளியின் விரல் அந்தரத்தில் நின்றது. ஏசுவதற்கு வாயைத் திறந்தார். சொல் எதுவும் அகப்படவில்லை. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலை போச்சு, விசாவும் போச்சு என்று யோகராஜா இருந்தபோது, கம்பனிக் கணக்குப் பார்க்கும் ஹூபரின் மனைவி வந்து மேசையில் ஒரு ஃப்ளாப்பியை வைத்தாள்.

"பயப்படாதீர்கள். எல்லாவற்றுக்கும் நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்."

யோகராஜாவுக்குக் கண் கலங்கியது. தெரிந்த ஜெர்மனைத் திரட்டினான். "மன்னியுங்கோ மேடம். உங்கட வீட்டுக்காரரின்ர தாய்ப்பாஷை எனக்கு இன்னும் சரியா வரேல்லை."

"அவருடைய பாஷையா? அவர் இந்த ஊரிலேயே பிறந்த சுவிஸ்காரர். ஸ்லோவாக்கியாவோ என்னவோ, அங்கிருந்து ஒருவர் வேலைக்கு வருகிறார் என்று இரைச்சலான போனில் சொன்னார்கள், உங்களுக்காகத்தான் மனுஷன் டியூஷன் வைத்துப் படிக்கிறார். உங்களைப் பார்த்த அன்றைக்கே நானும் அவரும் பேசிக்கொண்டோம், உங்கள் ஸ்லோவாக்கியாவில் வெயில் கொஞ்சம் கடுமைதான் போலிருக்கிறது என்று!"